தலைக்கு மேலே

“அப்பாவ நீ எண்டு சொல்லப்படாது மனே. நீங்க எண்டு சொல்லணும்.”

“ஏன்?”

“அவர் பெரியாள்.”

“நீயும் பெரியாள்தானே. உன்னையும் நான் நீ எண்டுதான் சொல்றன். நீ ஒண்டும் சொல்லல்லியே.”

மாங்கேணி வீட்டின் அடுப்படியில் சிவமணிக்கும் அவளுடைய ஐந்து வயது மகன் நிலோஜனுக்கும் நடந்த பேச்சு இது. அடுப்பை ஊதுகிற சாக்கில் சிவமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மூத்தவள் விதுசாவுக்கு அப்போது பதினொரு வயது. “கேட்டியா கா இவன்ட கதைய?” என்று அம்மா தன்னைப் பார்த்துச் சொன்னது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. தை பிறந்து முதலாம் வகுப்புக்குப் போனால் தன்னால் திருந்திவிடுவான் என்று அம்மா பிறகு தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

தை பிறந்தபோது நிலோஜன் இல்லை. மார்கழியிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கடல் எழும்பி வந்து அந்த அடுப்படியையும் அவனையும் கொண்டுபோய்விட்டது.

இப்போது ஆனி மாதம். இடையில் ஐந்து வருடங்கள் கடந்துவிட்டன. பழுகாமத்தில் விடியும்போதே கச்சான் காற்று எழும்பி, கூரைத் தகரம் படபடத்துக்கொண்டிருந்தது. விதுசா பாயில் கிடந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சுனாமிக்குப் பிறகு கூடாரம், அதற்குப் பிறகு வாகரைச் சண்டை, சண்டையோடு காடு வழியாக நடை. கடைசியில் வாவியின் மேற்குக் கரையில், பெரியம்மாவின் வளவுக்குள் ஓர் அறையும் அதையொட்டி ஒரு சாய்ப்புப் பத்தியும் கட்டிக்கொண்டு ஒதுங்கிய குடும்பம் அது. யுத்தம் முடிந்து ஒரு வருடமாகிவிட்டது. இனி மாங்கேணிக்குத் திரும்பிப் போகலாமே என்று காண்கிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அப்பா மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழும்பி வலையைப் பார்க்கப் போய்விடுவார்.

விதுசாவுக்கு வேறு கவலை இருந்தது. இன்று அந்திக்குள் அவள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். வலுவா, பளுவா?

களுவாஞ்சிகுடியில் ஒரு பழைய நெல் களஞ்சியத்தில் பிள்ளைகளைப் பாரம் தூக்கப் பழக்குகிற யோகேஸ்வரன் சேர், போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வியை அவள் முன்னால் வைத்துவிட்டார். மாகாணப் போட்டிக்கு வலுதூக்கலுக்கு ஒரு பெண் போகலாம், பளுதூக்கலுக்கு ஒரு பெண் போகலாம். இரண்டும் ஒரே வாரத்தில் வருகின்றன. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இனி நிற்க முடியாது.

வெளியில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். தட்டுகள் ஏற்றிய இரும்புப் பாரைத் தூக்குகிறார்கள், போடுகிறார்கள். ஆனால் வலுதூக்கலில் பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும்ப வேண்டும், வாங்குப் பலகையில் படுத்து நெஞ்சுக்கு மேல் தள்ள வேண்டும், நிலத்திலிருந்து இடுப்பு வரைக்கும் இழுத்து நிமிர வேண்டும். அவ்வளவுதான். பளுதூக்கல் அப்படியில்லை. நிலத்தில் கிடப்பது தலைக்கு மேல் போக வேண்டும். போனால் போதாது, நடுவர் சொல்லும்வரை ஆடாமல் அசையாமல் அங்கேயே நிற்கவும் வேண்டும்.

“வலு எண்டா உன்ட உடம்புக்குள்ள எவ்வளவு கிடக்கு எண்டு பாக்கிறது. பளு எண்டா அதைக் கொண்டுபோய் எங்க வைக்கிறாய் எண்டு பாக்கிறது” என்று சேர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

விதுசாவின் உடம்புக்குள் நிறையக் கிடந்தது. இழுப்பதில் அந்தக் களஞ்சியத்தில் ஆண்பிள்ளைகளே அவளுக்குப் பிறகுதான். தோள் வரைக்கும் எதையும் கொண்டுவந்துவிடுவாள். தோளைத் தாண்டித் தலைக்கு மேல் போனதும் விழுந்துவிடும். மாவட்டத் தெரிவிலும் கடைசித் தூக்கு அப்படித்தான் விழுந்தது. வலு என்று சொன்னால் வெற்றி நிச்சயம். பளு என்று சொன்னால் எதுவும் நிச்சயமில்லை.

ஆனால் அவளுக்கு ஆசை பளுவில்தான் இருந்தது.

எழும்பி வெளியே வந்தபோது அப்பாவின் தோணி கரையில் இல்லை. விடிய முதலே, வெள்ளாப்பிலேயே ஆத்துக்குப் போயிட்டார் என்றாள் அம்மா. வாவியை அந்தப் பக்கத்தில் எல்லோரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். பாலசுந்தரம் பெருங்கடலில் தொழில் செய்த மனிதர். இப்போது வாவியைத் தாண்டிப் போவதில்லை. அதிலும் வலையைத் தடியில் கட்டிவிட்டுக் காத்திருப்பாரே தவிர, வீச்சு வலையைத் தொடுவதில்லை. மைத்துனர் ஆசையாக வாங்கிக்கொடுத்த வலை பத்திக்குள் தொங்கியபடியே சிக்குப்பிடித்துப்போய்க் கிடந்தது. வலை வீசுவதென்றால் இரண்டு கையையும் உயர்த்த வேண்டும். கோயிலிலும் அப்படித்தான். பூசை நேரத்தில் ஊரே தலைக்கு மேல் கை குவித்து நிற்கும்போது அவருடைய கைகள் மட்டும் நெஞ்சோடு நின்றுவிடும். கண்டவர்கள் அவருக்குத் தோளில் ஏதோ நோவு என்று நினைத்துக்கொண்டார்கள்.

மகள் பார் தூக்கப் பழகப் போகிறாள் என்று தெரிந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான். அது தலைக்கு மேல் போகுமா என்றார். போகும் என்றாள். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தள்ளுகிற தாங்குகோலை எடுத்துக்கொண்டு தோணிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து இன்றுவரை அவள் தூக்குவதை ஒருமுறைகூட அவர் வந்து பார்த்ததில்லை.

சிவமணி பிட்டைத் தட்டில் போட்டு மகளுக்கு முன்னால் வைத்தாள். சேருக்கு என்ன பதில் சொல்லப்போகிறாய் என்று கேட்கவில்லை. மீன் குழம்பை மட்டும் வழக்கத்தை விடக் கூடுதலாக ஊற்றினாள்.

முற்றத்தில் மோட்டார் சைக்கிள் ஹோன் கேட்டது. பெரியம்மாவின் மகன் தனோஜன்.

“என்ன பயில்வான், இன்னும் திண்டு முடியல்லியா?”

தனோஜன் வன்னியில் இயக்கத்தோடு கடைசி நாள் வரைக்கும் நின்றவன். அதற்குப் பிறகு ஒரு வருடம் முகாமில் இருந்துவிட்டு, போன மாதம்தான் வீட்டுக்கு வந்திருந்தான். வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் பகிடிதான். பெரியம்மா அந்தப் பகிடிக்குச் சிரித்துவிட்டு, அடுக்களைக்குள் போய் அழுவாள்.

பட்டிருப்புப் பாலத்துக்கு ஏறும் வழியில் அவன் தலையைத் திருப்பி, காற்றுக்கு மேலாகக் கத்திப் பேசினான்.

“நான் சொல்றதக் கேள். வலுவையே எடு. இடுப்பு மட்டும் இழு, போட்டுட்டு வா. தலைக்கு மேல கையத் தூக்கிற வேலை நம்மட குடும்பத்துக்கு வேணாம். எல்லாருக்கும் சேத்து நான் தூக்கினது போதும்.”

விதுசாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவன் எங்கே, எப்படி, யாருக்கு முன்னால் கையைத் தூக்கி நடந்து வந்தான் என்பதை வீட்டில் யாரும் அவனிடம் கேட்டதில்லை. அவனும் இதற்கு மேல் சொன்னதில்லை.

பாலத்தின் முகப்பில் சோதனைச் சாவடியின் மண் மூட்டைகள் இன்னும் இருந்தன. இப்போது யாரும் மறிப்பதில்லை. ஆனாலும் தனோஜன் வேகத்தைக் குறைத்தான். ஒரு கையால் சட்டைப் பையைத் தடவி அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். பாலத்தைக் கடந்த பிறகுதான் அடுத்த பகிடி வந்தது.

களஞ்சியத்துக்குள் உமியின் வாசம் இன்னும் போகவில்லை. நடுவில் பலகை அடித்த மேடை இருந்தது. பள்ளிக்கூட வெண்கட்டியை இடித்த தூள் ஒரு பால்மாப் பேணிக்குள் இருந்தது. யோகேஸ்வரன் சேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கியபடி தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

முதலில் இழுக்கச் சொன்னார். இழுத்தாள். இன்னும் இரண்டு தட்டு ஏற்றினார். அதையும் இழுத்தாள். பார் வில்லாக வளைந்து எழும்பி அவள் தொடையில் தட்டி நின்றது. சேர் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அவருக்கு அது பெரிய பாராட்டு.

பிறகு பளு. எடை பாதிக்குப் பாதி குறைந்தது. விதுசா தூளைக் கையில் பூசிக்கொண்டு பாரைப் பிடித்தாள். நிலத்திலிருந்து தோளுக்கு அது வந்த விதம் அவளுக்கே பிடித்திருந்தது. ஒரு மூச்சு எடுத்தாள். முழங்காலை மெல்ல மடித்து, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னுமாகப் பிரித்துப் பாய்ந்தாள். பார் தலைக்கு மேல் போய்விட்டது. முழங்கை பூட்டிக்கொண்டது. கால்களை ஒன்றாகச் சேர்த்தால் போதும்.

“விடாத!” என்று சேர் கத்தினார். “விடாத! விடாத!”

பார் பலகையில் விழுந்து, துள்ளி, சுவரில் முட்டி நின்றது.

அவளாகத்தான் விட்டாள். அது சேருக்கும் தெரிந்தது. கிட்ட வந்து அவளுடைய மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார், தோளை அமுக்கிப் பார்த்தார். கையில் பிழையில்லை, காலில் பிழையில்லை, பிழை எங்கே இருக்கிறது என்றுதான் தனக்கு விளங்கவில்லை என்றார். பிறகு மேடையின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, கோபமில்லாமல் சொன்னார்.

“வலு எண்டே பேரைக் குடு புள்ள. வெல்லுற இடத்துக்குப் போறதில வெக்கமில்ல. அந்திக்குள்ள தனோஜனிட்டச் சொல்லி அனுப்பு.”

பிழை எங்கே என்று விதுசாவுக்குத் தெரியும். அது சேருடைய வாயில் இருந்தது. ஆனால் அதை எப்படிச் சொல்வது?

கடல் வந்த அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் இல்லை. கடலுக்குத் தூரமாய், உள்ளே சேனைக் காணியில் சோளம் முறிக்கப் போயிருந்தாள். கரையிலிருந்து ஓடிவந்த அப்பா ஒரு கையில் அவளையும் மறு கையில் தம்பியையும் பிடித்துக்கொண்டு ஓடினார். தண்ணீர் அவர்களை விட வேகமாக ஓடியது. ஒரு முந்திரி மரத்தில் முதுகை முட்டுக்கொடுத்து அவர் நின்றபோது அது அவருடைய நெஞ்சளவுக்கு வந்திருந்தது. தம்பி கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு கைக்குள் இருந்தான். அவள் மறு கைக்குள் இருந்தாள். பிறகு தண்ணீர் இன்னொரு முறை எழும்பியது.

அப்பா அவளுடைய இடுப்பைப் பிடித்து மேலே தூக்கினார். கிளை எட்டவில்லை. இன்னும் தூக்கினார். அப்போதுதான் கீழேயிருந்து அந்தக் குரல் வந்தது.

“அப்பா, விடாத.”

நீங்க என்று சொல்லப் பழகாத குரல்.

கிளையைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்து பார்த்தாள். அப்பாவின் முகம் தெரியவில்லை. தண்ணீருக்கு வெளியே இரண்டு கைகள் மட்டும், அவளைத் தூக்கிய விதமாகவே விரிந்து நின்றன.

மறுநாள் பள்ளிக்கூட முகாமில் அம்மா வந்து கேட்டபோது, கை நழுவிட்டு என்றார் அப்பா. விபரம் எழுத வந்தவர்களிடமும் அதையே சொன்னார். வருடா வருடம் நினைவு நாளுக்கு வருகிற உறவுச் சனத்திடமும் அதே சொல்தான். கை நழுவிட்டு. கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். அந்தத் தண்ணீரில் யாருடைய கை நழுவாது?

விதுசா அதைத் திருத்தியதில்லை. ஆனால் அவளுடைய உடம்புக்குத் தெரியும். இடுப்பின் வலப்பக்கம் ஒரு கை இருந்தது. இடப்பக்கம் ஒரு கை இருந்தது. இரண்டும் அவளிடம் இருந்தன என்றால், நழுவுவதற்குத் தம்பியிடம் எந்தக் கை இருந்தது?

அப்பாவிடம் கேட்க வேண்டியது ஒன்று அவளிடம் இருந்தது. கூடாரத்தில் ஒருமுறை வாய் வரைக்கும் வந்தது. காட்டு வழியில், அப்பா அவளுக்கு முன்னால் முட்கொப்பை விலக்கிக்கொண்டு நடந்தபோது இன்னொரு முறை வந்தது. ஒவ்வொரு முறையும் அம்மாவை நினைத்து விழுங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மதிய வெயில் ஏறியிருந்தது. அப்பா காலையில் பிடித்து அனுப்பிய மணலை மீனைக் கிணற்றடியில் வைத்து சிவமணி செதிள் சுரண்டிக்கொண்டிருந்தாள். விதுசா பக்கத்தில் குந்தினாள். சேர் சொன்னதை அப்படியே சொன்னாள். பிறகு, வலு என்றே சொல்லி அனுப்பவா, அப்பாவுக்கும் அது நிம்மதி என்று கேட்டாள்.

“அப்பாவுக்கு அதுல என்ன நிம்மதி?”

“தலைக்கு மேல தூக்கிறது அவருக்குப் பாக்க ஏலாதம்மா.”

கத்தி நின்றது. சிவமணி மகளைப் பார்க்கவில்லை. மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மிகவும் சாதாரணமான குரலில் பேசினாள்.

“கலியாணம் முடிச்ச நாளையில இரிந்து அந்தக் கையப் பாக்கிறன் கா. கரைவலை இழுத்த கை. கயிறு அறுந்தாலும் அறும், அவர்ட கை நழுவாது.”

அம்மாவுக்குத் தெரியும். இத்தனை வருடமும் தெரிந்துகொண்டு, அதே ஆளுக்குச் சோறு போட்டுக்கொண்டு, அதே பாயில் படுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

“நீங்க ஏன் கேக்கல்ல?”

“கேட்டா உள்ளதச் சொல்லிருவார். சொன்னாப் புறகு என்ட முகத்தப் பாக்கமாட்டார். ஒரு பிள்ளையக் குடுத்தாச்சி. அவரையும் குடுக்கவா?”

கோபம் வரவில்லையா என்று விதுசா கேட்டாள். வந்தது என்றாள் சிவமணி. யார் மேல் என்றுதான் தெரியவில்லையாம். கடலோடு கோபித்தாளாம், அம்மனோடு கோபித்தாளாம், சோளம் முறிக்கப் போன தன்னோடு கோபித்தாளாம். கூடாரத்தில் ஒருநாள் விதுசா காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தாள். விடிய விடியப் பக்கத்தில் இருந்து அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கோபம் எங்கேயோ போய்விட்டதாம்.

“மறுகா அது வரல்ல” என்று முடித்துவிட்டு, சிவமணி மீனைக் கழுவி எடுத்தாள். கையைச் சீலையில் துடைத்தாள். உள்ளே போய்த் தேத்தண்ணியை ஊற்றி, ஒரு செம்பில் கொண்டுவந்து மகளிடம் நீட்டினாள்.

“அப்பாட்டக் குடுத்துட்டு வா. ஆறிப்போகும், கெதியாப் போ.”

செம்பைக் கொடுத்த கை உடனே விலகவில்லை. மகளுடைய விரல்கள் மேல் ஒரு கணம் இருந்துவிட்டுத்தான் போனது.

வாவிக்கரையில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தோணியைக் கண்டல் மர நிழலில் இழுத்துவிட்டு, பாலசுந்தரம் அதன் விளிம்பில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. விதுசா கொடுத்த செம்பை வாங்கி, அண்ணாந்து ஊற்றாமல் வாயில் வைத்தே குடித்தார்.

பேர் கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றாள்.

“வலு எண்டு குடு. அதுல வெல்லுவாயாம். தனோஜன் சொன்னான்.”

“ஓம் அப்பா. வெல்லுவன்.”

“மறுகா என்ன?”

“எனக்குப் பளுலதான் விருப்பம்.”

அவர் நூலைக் கடித்து அறுத்தார். அது விழுந்துவிடுகிறதாமே என்றார். அதையும் தனோஜன்தான் சொல்லியிருக்க வேண்டும்.

“ஏன் விழுகுது எண்டு கேளுங்க.”

அவர் கேட்கவில்லை. ஊசியில் நூல் கோப்பதில் முழுக்கவனமாக இருந்தார். காற்றில் நூல் விலகி விலகிப் போனது. அவர் கேட்கமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தானே சொன்னாள்.

“தூக்கினாப் புறகு, மேல நிக்கக்குள்ள, சேர் ஒரு சொல்லுச் சொல்லிக் கத்துவார். அதக் கேட்டா என்ட கை தானா விடுகுது. விடாத எண்டு கத்துவார்.”

ஊசி நின்றது.

“விடாதீங்க எண்டு கத்தினா விழாது அப்பா.”

வாவியில் எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. பாலசுந்தரம் தண்ணீரைப் பார்த்தபடியே இருந்தார். குரல் வந்தபோது அது அவருடைய குரல் போலவே இல்லை.

“நீ கேட்டியா?”

“ஓம்.”

“நீ மேல நிண்டாய். உனக்குக் கேக்கல்ல எண்டுதான்…”

இத்தனை வருடமும் அந்தக் குரலைக் கேட்டது தான் மட்டும்தான் என்று அவர் நினைத்திருக்கிறார். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே குரலைக் கேட்டிருக்கிறார்கள்.

“அவன் கடைசி மட்டும் உங்கள நீ எண்டுதான் சொன்னான்” என்றாள் விதுசா. “அம்மா எவ்வளவு சொல்லியும் பழகல்ல.”

அப்பாவின் உதடு சிரிப்பதற்குப் போவது போலப் போய், வேறெங்கோ திரும்பிக் கோணியது. வலையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். மறுபடியும் எடுத்து மடியில் வைத்தார். பிறகு, பழகிய வழியில் கால் தானாகப் போவது போல, அந்தப் பழைய சொல் அவருடைய வாயில் வந்தது.

“அது புள்ள… கை நழுவி…”

“இல்ல அப்பா.”

அவள் எழும்பி அவருக்கு முன்னால் நின்றாள். தன்னுடைய இரண்டு கைகளையும் இடுப்பின் இரண்டு பக்கமும் வைத்துக் காட்டினாள்.

“இஞ்ச ஒண்டு இரிந்திச்சி. இஞ்ச ஒண்டு இரிந்திச்சி. எனக்கு இப்பவும் தெரியுது.”

பாலசுந்தரம் அவளுடைய கைகளைப் பார்த்தார். பிறகு தன் மடியில் கிடந்த தன்னுடைய கைகளைப் பார்த்தார். யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பொருள்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

மேட்டில் மோட்டார் சைக்கிள் ஹோன் கேட்டது. களுவாஞ்சிகுடிக்குப் போகத் தனோஜன் வந்துவிட்டான். அந்தியாகிறது, சேருக்குப் பதில் போக வேண்டும். பளு என்று சொல்லிவிடு என்று விதுசா மேட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். என்ன, என்ன என்று அவன் இரண்டு முறை கேட்டான். காற்றுக்கு மேலாக அவள் மறுபடியும் சொன்னாள். பகிடி எதுவும் வரவில்லை. பிறகு மோட்டார் சைக்கிள் திரும்பிப் போகும் ஓசை மட்டும் கேட்டது.

அப்பா தலையைத் தூக்கினார்.

“விழுந்தா?”

“விழுந்தா விழட்டும். அதுக்கு முதல் உங்களிட்ட ஒண்டு கேக்கணும். கனகாலமாக் கேக்க நினைச்சது.”

அவள் தோணிக்கு அருகில் ஈர மணலில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். இப்போது அவருடைய முகம் அவளுக்கு நேரே இருந்தது. விலக இடமில்லை. அம்மாவின் முகம் ஒருமுறை மனதுக்குள் வந்து போனது, செம்பை விடாமல் ஒரு கணம் நின்ற அந்தக் கையோடு.

“எனக்காகத்தானே அப்பிடிச் சொல்லித் திரியிறீங்க. நான் நோகக்கூடாது எண்டுதானே. வேணாம் அப்பா. இனி ஆரிட்டயும் கை நழுவிட்டு எண்டு சொல்லாதீங்க. விட்டன் எண்டு சொல்லுங்க. என்னைத் தூக்கத்தான் அவன விட்டன் எண்டு, முதல்ல என்னட்டச் சொல்லுங்க. நான் தாங்கிப் பிடிப்பன்.”